லலிதாம்பாள் பேருக்கு வந்த கடிதங்கள்

எங்கள் பக்கத்து வீட்டு நாகேஸ்வரனுக்குப் பொறாமை எல்லாவற்றுக்கும் வராது. எதிர்வீட்டுக்காரர் வீட்டை ஓடு மாற்றிக் கட்டினால் போய்ப் பார்த்து மனதாரப் பாராட்டிவிட்டு வருவார். ஆபீஸில் அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் பிரமோஷன் வந்தபோது அவர்தான் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆனால் யாரோ ஒருவர் வீட்டில் பெரிய மனிதர் கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், அன்று அவருக்கு மோர்சாதம்கூடத் தொண்டையில் இறங்காது. இதை அவர் மனைவி லலிதாம்பாளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

என் பெயர் ராஜமணி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சர். மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர்தான். அவர்கள் பெண்ணைப் பாலக்காட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். லலிதாம்பாளுக்குப் பேச நான்தான் ஆள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாகேஸ்வரன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இந்தக் கடிதப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாற்பத்தேழாம் வருஷத்தில். சாலைக்கடை பஜாரில் கொத்தமல்லி கட்டி வந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பெரிய காங்கிரஸ் தலைவர் தம் டாக்டருக்குத் தம்முடைய வயிற்றுக்கோளாறைப் பற்றி எழுதிய கடிதம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கியவருக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்ற செய்தி நாகேஸ்வரனை எப்படி அவ்வளவு உருக்கியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கொத்தமல்லியைத் தரையில் கொட்டிவிட்டுக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு விட்டாரா மனிதர்? பழைய காகிதக் கடைகள், வக்கீல் வீட்டுப் பரண்கள், ஓய்வு பெற்ற தாசில்தார்களின் டிரங்குப் பெட்டிகள் எல்லாவற்றையும் கிளறினார். ஒரு வக்கீல் செத்துப்போனால் பதின்மூன்றாம் நாள் சுபம் ஆவதற்குள் இவர் அந்த வீட்டு வாசலில் நிற்பார். திவான்கள், கவிகள், பத்திரிகாசிரியர்கள் என்று வரிசையாகச் சேர்ந்தார்கள். எல்லோரையும் அட்டையில் ஒட்டி, ராமபாணப் பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட்டு, ஒரு தகரப்பெட்டியில் அடைத்து வைத்தார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கினால் காகிதம் பூத்துப்போகுமே என்று, அடுப்படிச் சூட்டில் கடிதங்களைக் காயவைப்பார். லலிதாம்பாள் அப்பளம் காயவைக்க இடமில்லாமல் என் வீட்டுக்கு எடுத்து வருவாள்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. அந்தப் பெட்டியில் இருந்த கடிதங்களில் ஒன்றுகூட அவருக்கு எழுதப்பட்டதில்லை. அவரும் பதில் தபாலுக்கு ஸ்டாம்பு வைத்து எத்தனையோ பேருக்கு எழுதினார். வந்ததெல்லாம் காரியதரிசி டைப் அடித்த நாலு வரி. தலைவர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், தங்கள் அன்புக்கு நன்றி. அவற்றை அவர் யாருக்கும் காட்டமாட்டார்.

காட்டாததற்குக் காரணம் குற்றாலலிங்கம் பிள்ளை. சாலைக்கடையில் பித்தளைப் பாத்திர வியாபாரி. தென்காசிப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. தமிழ்நாட்டிலிருந்து எந்தத் தலைவர் வந்தாலும், எந்த எழுத்தாளர் வந்தாலும் பிள்ளை வீட்டில்தான் தங்கல். ஊருக்குப் போன கையோடு அவர்கள் பிள்ளைக்கு நன்றி எழுதுவார்கள். அப்படிச் சேர்ந்த கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருந்தார். நாகேஸ்வரன் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போவார். போய் வயிற்றெரிச்சலோடு திரும்பி வருவார், போகாமலும் இருக்கமாட்டார்.

ஒருநாள் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "சாமி, கோவிச்சுக்கிடப்பிடாது. இதுல என் பேரு உண்டு, என் வீட்டு அவியலு உண்டு, எம் பேரப்பிள்ளைய விசாரிச்சது உண்டு. சாமி பெட்டியில இருக்கது எல்லாம் அடுத்தவன் வீட்டு லெட்டராக்கும்."

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சோத்தைப் போட்டு வாங்கின லெட்டர்! ஹோட்டல் பில் மாதிரி!" என்று முற்றத்தில் நின்று கத்தினார். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அதற்கு லலிதாம்பாள் நிதானமாக, "அப்போ நாமும் நாலு பேருக்குச் சாதம் போடலாமே" என்றாள்.

பிள்ளையிடமும் இல்லாத கடிதம் ஒன்று உண்டு. அரசலூர் பஞ்சநதத்தின் கடிதம். பெல்லாரி ஜெயிலில் இருந்து மீண்டவர், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். மனைவிக்கு நெடுநாளாக உடம்பு சரியில்லை என்று எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அதனால் பிள்ளையின் அவியல் அவரிடம் எடுபடவில்லை. நாகேஸ்வரன் நாலு தடவை எழுதினார். டைப் அடித்த பதில்கூட வரவில்லை.

அந்தத் தொடர்கதையை நான் படித்துவிட்டு லலிதாம்பாளிடம் கொடுப்பேன். ஐம்பத்திரண்டாம் வருஷம், ஒரு வாரம், பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மண்சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றாள். கதையில் ஒரு பெண்ணுக்கு அம்மா இறந்துபோன செய்தி வருகிறது. அவள் ஆட்டுரலில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள். செய்தியைக் கேட்டும் எழுந்திருக்கவில்லை. மாவை அரைத்து முடித்து, வழித்து, உரலைக் கழுவிய பிறகுதான் அழுகிறாள்.

"இது இவருக்கு எப்படித் தெரியும், ராஜமணி?" என்றாள். "எங்கம்மா போனப்போ நானும் அப்படித்தான் அரைச்சேன். அரைச்சு முடிச்சுட்டுத்தான் அழுதேன். அதுக்காக என்னை எல்லாரும் கல்நெஞ்சுக்காரின்னா."

"அவருக்கே எழுதிக் கேளேன்" என்றேன். கவரும் நான்தான் கொடுத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. முரட்டுப் பேனாவால் எழுதிய இரண்டு பக்கம். தலைப்பில் 'சகோதரி லலிதாம்பாளுக்கு'. தம்முடைய அம்மா இறந்தபோது தம் தமக்கை அப்படி மாவு அரைத்ததைச் சிறுவயதில் பார்த்ததாகவும், அவளையும் ஊர் கல்நெஞ்சுக்காரி என்றே சொன்னதாகவும், உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், பல வருஷத்துக்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினாள் என்றும் எழுதியிருந்தார்.

நாகேஸ்வரன் ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பியோடு கடிதத்தையும் கொடுத்தாளாம். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் முதலில் கேட்டது, "என் பேரை எழுதியிருந்தியோ?"

"உங்க பேரை நான் எப்படி எழுதுவேன்?"

"நான் நாலு தடவை எழுதினேன். நாலு தடவை! உனக்கு ஒரே தடவையில வந்துடுத்து."

சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கே, நானும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க, அட்டையில் ஏற்றினார். ஏற்றும்போது ஒரு வேலை செய்தார். 'சகோதரி லலிதாம்பாளுக்கு' என்ற முதல் வரியை மட்டும் பின்னுக்கு மடித்துவிட்டார். மற்றவர்களுடைய கடிதங்களை ஒரு மயிரிழை மடங்காமல் காப்பாற்றுகிறவர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன், லலிதாம்பாள் சிரிக்காமல் இருந்தால்.

மறுநாளே பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். பிள்ளை வந்தார், பார்த்தார், முகம் கறுத்தது. நாகேஸ்வரனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். ஆனால் பிள்ளை வியாபாரி. பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"ஆருக்கு எழுதினதாக்கும்?"

"நம்மாத்துக்குத்தான்."

பிள்ளை அட்டையைத் திருப்பி, மடிப்பை விரலால் நிமிர்த்தினார். வாசித்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, "அம்மா, உங்களுக்கு வந்ததா? பாக்கியம் உள்ளவுக" என்றார். தமக்கு இல்லாவிட்டாலும் நாகேஸ்வரனுக்கும் இல்லை என்று தெரிந்ததில் அவர் முகம் தெளிந்துவிட்டது. அவர் போன பிறகு நாகேஸ்வரன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

அன்று தொடங்கியது வீட்டுக்குள்ளேயே பொறாமை. அவள் பேனாவை எடுத்தால் இவர் பேப்பரைப் படிப்பது போல உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்ப்பார். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆபீஸில் இருக்கவேண்டியிருக்கிறதே என்று புழுங்குவார். "நான் லெட்டர் சேக்கறேன்னு அவருக்கு எழுது" என்று நச்சரித்தார். அவளும் போனால் போகிறது என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த கடிதத்தின் அடியில் பதில் இருந்தது: 'தங்கள் கணவர் பழைய கடிதங்கள் சேர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லது.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், தமிழ் படிச்சவா நீங்க. இந்த 'நல்லது'ன்னு போட்டிருக்காரே, இதை எப்படி எடுத்துக்கறது?"

"நல்லதுன்னுதான் எடுத்துக்கணும், ஸார்."

"சந்தோஷப்பட்டு எழுதினதா, இல்லை மதி, போதும் போன்னு எழுதினதா?"

பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் நான் பிடிகொடுக்கவில்லை. ஒரு வாரம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அல்லாடினார். மூன்று வருஷமாகக் கடிதம் போய் வந்துகொண்டிருந்தது. வந்தவற்றையெல்லாம் அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், காகிதத்தைத் தடவிப் பார்ப்பார், அட்டையில் ஏற்றுவார். போனவற்றில் என்ன எழுதியிருந்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐம்பத்தைந்தில் கோட்டைக்ககத்துத் தமிழ் வாசகர் சங்கத்தார் ஆண்டுவிழாவுக்குக் கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். பெரியோர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய கண்ணாடிப் பேழை. அது யாருக்கு என்பதுதான் கேள்வி. பிள்ளைக்குத்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. நாகேஸ்வரன் சங்கத்துக்கு நேரே போய், "அரசலூரார் தம்முடைய ஜெயில் வாசத்தைப் பத்தி ஒரு கடிதம் எழுதறார். வேறெங்கும் எழுதாத விஷயம். எங்காத்துக்கு வரது. பேழையை ஒழிச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் லலிதாம்பாளிடம் அப்படி ஒரு கடிதம் கேட்டு எழுதச் சொன்னார். காலில் விழாத குறை. அவள் எழுதினாள். சங்கத்தார் பேழையை ஒழித்து வைத்தார்கள். பிள்ளை தம் சட்டங்களைச் சுவரோரம் மாட்டச் சம்மதித்தார். நாகேஸ்வரன் புதிதாக ஒரு ஜரிகை வேஷ்டி வாங்கினார்.

கடிதம் வந்தது. கனமான கவர். ஆபீஸ் நேரம். எனக்கு அன்று ஸ்கூல் லீவு, கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். லலிதாம்பாள் கொல்லைப் படியில் உட்கார்ந்து படித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, திரும்ப ஆரம்பத்துக்குப் போய்ப் படித்தாள். பிறகு எழுந்து, எல்லாப் பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கே ஒரு கிழி, நெடுக்கே ஒரு கிழி. வாழையடியில் எறிந்துவிட்டு, கிணற்றில் நாலு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றிய தண்ணீர் வாய்க்காலாக ஓடி வாழையடிக்கே போனது.

"அவர் ஆத்துக்காரி போயிட்டாளாம்" என்றாள் என்னிடம், ஈரத்தோடு. "ஜெயிலைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்திருக்கார். மிச்சத்தை அவ போனதுக்கப்புறம் எழுதியிருக்கார்."

சாவுச் செய்தி வந்த கடிதத்தை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? படித்த கையோடு கிழித்து வெளியே எறிந்து ஸ்நானம் செய்வதுதானே வழக்கம். எனக்கும் அந்த நேரத்தில் அது தப்பாகத் தோன்றவில்லை. அடுத்த நிமிஷம்தான் பேழை நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் போட்ட கூச்சலில் நான் மண்சுவரைத் தாண்டியே போய்விட்டேன். வாழையடியில் குந்தியிருந்தார். கையில் நாலைந்து துண்டுகள். மசி கரைந்து ஓடி, ஒரு எழுத்தும் தேறவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தவர், கொல்லை வாசற்படியில் வந்ததும் நின்றுவிட்டார். துக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்ட அவருக்கும் கால் வரவில்லை.

"அவா நமக்கு என்ன உறவு? தீட்டா, தாயாதியா? என்னத்துக்குடி கிழிச்சே? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே. அந்தப் பாத்திரக்கடைக்காரன் நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பானே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"துக்கம் எழுதின கடுதாசி" என்றாள் லலிதாம்பாள். "எங்கம்மா போனப்போ வந்த கார்டை நீங்க கிழிக்கலையா? எங்கப்பா எப்பவும் உங்க பேருக்குத்தான் எழுதுவார். அது ஒண்ணுதான் என் பேருக்கு எழுதினது. வாசல்லயே வாங்கி, படிச்சு, கிழிச்சு ஓடையில போட்டுட்டு, உங்கம்மா போயிட்டா, தலைக்கு ஊத்திக்கோன்னேள். அப்பாவும் அடுத்த வருஷமே போயிட்டார்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு, குரலை இறக்கி, "சரி, போறது. என்ன எழுதியிருந்தார்னாவது சொல்லு. நான் ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கறேன்" என்றார்.

"எங்கப்பா அந்தக் கார்டுல என்ன எழுதியிருந்தார்? அதை நீங்க சொல்லுங்கோ. இதை நான் சொல்றேன்."

பெட்டியில் இருந்த கடிதம் அத்தனையும் தேதியோடு அவருக்கு மனப்பாடம். ஆகவே நம்பிக்கையோடுதான் வாயைத் திறந்தார். "வயலெட் மசி. கார்டு பூரா நெருக்கி எழுதியிருந்தார். விலாசத்துப் பக்கத்துலயும் நாலு வரி. கை நடுங்கி, வரியெல்லாம் கீழே கீழே சாஞ்சுண்டு போச்சு..." அவ்வளவுதான். மேலே வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"எழுத்தைக் கேக்கலை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் விளக்கேற்றினாள்.

கண்காட்சியில் நடுப்பேழை பிள்ளைக்குப் போனது. நாகேஸ்வரன் போகவில்லை, ஜரிகை வேஷ்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது. பிள்ளை வந்து விசாரித்துவிட்டு, "சாவுக் கடுதாசிய வீட்டுல வைக்க ஒக்குமா சாமி, அம்மா செஞ்சதுதான் சரி" என்று அவள் பக்கமே பேசிவிட்டுப் போனார். அதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் எரிந்திருக்கும்.

வழக்கத்துக்காகக் கிழித்தாளா, கணக்கைத் தீர்க்கக் கிழித்தாளா என்று நான் தனியே கேட்டேன். "கை தானாக் கிழிச்சுடுத்து" என்றாள். நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் கடிதத்தில் இருந்ததையெல்லாம் எனக்குச் சொன்னாள், ஒரு வரி விடாமல். நாகேஸ்வரனுக்கு இது எப்படியோ தெரிந்துபோயிற்று. அவர் பொறாமை பிள்ளையை விட்டுவிட்டு என்மேல் திரும்பியது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும், தெரிந்தது எனக்குத்தானே என்ற தோரணையில் தலையை நிமிர்த்திக்கொண்டு போவேன்.

தீபாவளி கழிந்து ஒருநாள் அவரே மண்சுவர்ப் பக்கம் வந்தார். இளைத்திருந்தார். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். அவர் எழுதினது இருக்கட்டும். இவ மூணு வருஷமா அவருக்கு என்ன எழுதிண்டிருந்தா?"

எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அதை என்னைக் கேட்டா? எழுதினவா உள்ளேதானே இருக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கேட்கமாட்டார், கேட்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் இறைக்கப் போனேன். அவர்கள் வீட்டுக் கொல்லைப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். லலிதாம்பாள் பேசிக்கொண்டிருந்தாள், தாழ்ந்த குரலில், கையை ஆட்டி ஆட்டி. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்க்கத்தானே நான் அவரை உள்ளே அனுப்பினேன். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

வாளிச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். இத்தனை காலமும் என்னைக் கண்டால் பேச்சைத் தொடங்குகிறவள். எனக்கு வயிறு எரிந்தது. நாகேஸ்வரன் இத்தனை வருஷமாக எதில் வெந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் பாதி வாளித் தண்ணீரோடு உள்ளே போய்விட்டேன்.